செம்மஞ்சளுக்குள் ஒரு வெள்ளை வேட்டி

சித்திரை மாதத்து உச்சிப்பொழுதில் சீனன்குடாவில் நின்றால் நம் நிழல் காலடியைத் தாண்டாது. திருகோணமலை வடக்கு அகலக்கோடு 8.6 பாகையை ஒட்டி இருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் இங்கே ஏறக்குறைய நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. கமராக்காரருக்கு இதைவிடப் பொல்லாத வெளிச்சம் கிடையாது. நெற்றியும் மூக்கும் பளபளக்க, கண்குழி இருண்டுபோகும். மாபிள் பீச் மணலில் வெயில் கண்ணைக் கூசவைக்கும் நேரத்தில் ஓரத்து மரநிழலில் நிற்பவரின் முகம் தெரியாது. காட்டுக்குள் நிற்கும் பிரிட்டிஷ் காலத்து எண்ணெய்த் தாங்கிகளில் வெயில் பட்ட பக்கம் செந்துருவாகத் தகதகக்கும். மறுபக்கம் படர்ந்த கொடிகளோடு சேர்ந்து கறுத்துக் கிடக்கும்.

ஒளி இரண்டு மடங்காவதைப் படக்கலையில் ஒரு ஸ்டொப் என்பார்கள். ஸ்லைடு பிலிம் ஐந்தாறு ஸ்டொப் வித்தியாசத்தைத்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் வெயில் வெளுத்துவிடும், அல்லது நிழல் கறுத்துவிடும். கலர் நெகட்டிவ் பத்து ஸ்டொப்பையும் தாண்டிப் பதிவு செய்யும். உச்சி வெயில் அடிக்கும் எங்கள் கரையில் எடுக்கப்பட்ட குடும்பப் படங்கள் இன்றும் பார்க்கும்படியாக இருப்பதற்கு, எடுத்தவரின் கைத்திறனைவிட நெகட்டிவின் இந்தப் பொறுமைதான் பெரிய காரணம்.

ஜப்பானியக் கடற்படை விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கியது 1942 ஏப்ரல் 9ஆம் திகதி. பொதுமக்கள் கமராவில் போட்டு, காகிதத்தில் கலர்ப் படம் எடுத்துக்கொள்ளக்கூடிய முதல் நெகட்டிவ் பிலிமான கோடாகலரை அமெரிக்காவில் கோடாக் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அதே 1942இல்தான். அந்தப் பிலிம் எங்கள் பக்கம் வந்துசேர வெகுகாலம் பிடித்தது. போர்க்காலத் திருகோணமலை பெரும்பாலும் கறுப்பு வெள்ளையாகவே நம் கைக்கு வந்திருக்கிறது. கலர் நெகட்டிவ் வீட்டுக்கு வீடு நுழைந்தது, 1972இல் கோடாகலர் II பிலிமோடு சேர்ந்து வந்த சி-41 என்ற கழுவுமுறைக்குப் பிறகுதான். கோடாக், பியூஜி, கோனிகா, அக்பா என்று பெட்டியில் எந்தப் பெயர் இருந்தாலும் கழுவும் மருந்தின் வரிசை ஒன்றே என்ற நிலை வந்ததும், ஸ்டூடியோக்காரருக்கு ஒரே ஒரு இயந்திரம் போதுமாயிற்று.

அந்த முறையில் முதல் மருந்துக்கு 37.8 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். நேரம் 3 நிமிடம் 15 வினாடி. வெப்பம் கால் பாகைகூட விலகக்கூடாது என்பது தொழிற்சாலைக் கணக்கு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிற்பகல் வேளையில் எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரே அந்த வெப்பத்துக்குச் சில பாகை கீழேதான் நிற்கும். வீட்டில் பிலிம் கழுவ நினைப்பவருக்கு இது ஒரு சின்ன வசதி. குளிர்நாட்டவர் சூடேற்றப் படும் பாடு நமக்கு இல்லை.

பிலிமுக்குள் என்ன நடக்கிறது? மூன்று நிற ஒளிகளுக்கு மூன்று ஜெலற்றின் அடுக்குகள் உண்டு. மேலே நீலத்தை உணரும் அடுக்கு, நடுவில் பச்சையை உணர்வது, அடியில் சிவப்பை உணர்வது. வெள்ளி உப்புகள் எல்லாமே இயல்பாக நீலத்துக்கு மயங்குபவை. அதனால் மேலடுக்குக்குக் கீழே ஒரு மஞ்சள் வடிகட்டியை வைத்து, மிஞ்சிய நீல ஒளியை அங்கேயே மறித்துவிடுகிறார்கள். ஒளி பட்ட உப்பு மணியை மருந்து வெள்ளியாக்கும். அந்த வேலையில் சிதைந்த மருந்து, பக்கத்தில் காத்திருக்கும் சாய மூலத்தோடு கூடிச் சாயமாகிறது. நீல அடுக்கில் மஞ்சள், பச்சை அடுக்கில் மஜெந்தா, சிவப்பு அடுக்கில் சயான். சாயம் பிறந்ததும் வெள்ளிக்கு வேலை முடிந்தது. அடுத்தடுத்த மருந்துகள் அதை முழுவதும் கரைத்து எடுத்துவிடும். நம் கையில் இருக்கும் கலர் நெகட்டிவில் வெள்ளி துளியும் கிடையாது, சாயம் மட்டுமே உண்டு. இதை நினைவில் வைத்திருங்கள். தூசியும் பூஞ்சணமும் பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

நெகட்டிவின் பொறுமைக்கான காரணமும் இந்த அடுக்குகளுக்குள்ளேதான் இருக்கிறது. ஒவ்வொரு நிற அடுக்கும் உள்ளே இரண்டு மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்றில் பெரிய மணிகள், கொஞ்ச ஒளிக்கே விழித்துக்கொள்பவை. இன்னொன்றில் சிறு மணிகள், நிறைய ஒளி வந்தால்தான் அசையும். நிழலின் வேலையைப் பெரிய மணிகள் முடித்துவிடும். வெயில் கூடக்கூட, நிறைந்துபோன பெரிய மணிகளின் இடத்தைச் சிறு மணிகள் ஏற்றுக்கொள்ளும். அதனால் நெகட்டிவுக்கு இரண்டு ஸ்டொப் கூடுதலாக ஒளி கொடுத்தாலும் படம் கெடாது. பல பிலிம்களில் மணி மென்மையாகி நிறம் இன்னும் தெளியும். ஒளி குறைந்தால்தான் கேடு. பெரிய மணிகளையே எழுப்பாத நிழலில் சாயமே பிறந்திருக்காது. இல்லாத சாயத்தை எந்த ஸ்கானராலும் தேடி எடுக்க முடியாது.

எனவே பிலிமைத் தேர்ந்தெடுக்கும் பேச்சை நான் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குவேன். பெட்டியில் 200 என்று போட்டிருக்கும் கோடாக் கோல்டை உச்சி வெயிலில் 100 என்று நினைத்து எடுங்கள். வெயில் நாளில் துவாரம் f/16, வேகம் பிலிமின் எண்ணுக்குக் கீழ் ஒன்று என்பது பழைய கைவிதி. அதையே f/11, 1/250 என்று ஒரு ஸ்டொப் திறந்தால் கண்குழிக்குள் கொஞ்சம் சாயம் விழும். குடாவின் நீலமும் தாங்கிகளின் துருவும்தான் வேண்டும் என்றால் 2008இல் வந்த எக்டார் 100 இருக்கிறது. மணி மிக நுண்மையானது, நிறம் அழுத்தமானது. ஒளியளவு தவறினால் பொறுமையும் குறைவு. முகங்களுக்கு அதை நான் எடுப்பதில்லை. நம் தோலின் மண்ணிறத்தை அது செங்கல் பக்கம் இழுத்துவிடுகிறது. முகங்களுக்குப் போட்ரா 400 போல ஒன்று வேண்டும். அதன் நிற வேறுபாடுகள் மென்மையாக இருப்பதால் நிழல் முகமும் வெயில் முகமும் ஒரே படத்தில் பிழைத்துக்கொள்ளும். விலை அதிகம்தான். கலியாணத்துக்கும் வயதான பெரியவர்களின் முகத்துக்கும் அந்த விலையைக் கொடுக்கலாம், கடலையும் தெருவையும் எடுக்க கோல்டே போதும். இரவு விளக்குகளுக்கு சினிஸ்டில் 800ரி என்று ஒன்று வருகிறது. அது கோடாக்கின் சினிமாப் பிலிம்தான். முதுகிலிருக்கும் கரிப்பூச்சை முன்கூட்டியே அகற்றிவிட்டதால் வெளிச்சம் உள்ளே தெறித்து, விளக்கைச் சுற்றிச் சிவப்பு வளையம் போடும். சிலருக்கு அந்த வளையம்தான் பிடிக்கிறது. எனக்குத் தெருவிளக்கு தெருவிளக்காகவே இருந்தால் போதும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் பிலிம் கொண்டுவந்தால் ஒன்று சொல்லி அனுப்புங்கள். விமான நிலையங்களில் இப்போது பெருகிவரும் சி.ரி. வகை ஸ்கானர் கழுவாத பிலிமைப் புகைபடியச் செய்துவிடும். கையால் சோதிக்கும்படி கேட்டுக்கொள்வது நல்லது. கழுவிய நெகட்டிவுக்கு அந்தக் கதிரால் ஒன்றும் ஆகாது. இன்னொன்று, சீனன்குடாவில் விமானப்படைத் தளமும் துறைமுக வேலிகளும் இருக்கின்றன. அவற்றின் பக்கம் கமராவைத் திருப்புமுன் அனுமதி கேளுங்கள்.

தோல் என்று சொன்னதால் ஒரு பழைய அநியாயத்தையும் சொல்லாமல் போக முடியாது. படம் அச்சிடும் இயந்திரங்களின் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் ஒரு மாதிரிப் படத்தை அனுப்பிவைக்கும். அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதல் மாதிரிப் பெண்ணின் பெயரால் அதை ஷேர்லி அட்டை என்றார்கள். அவருடைய தோல் சரியாக வந்தால் உலகமே சரி என்று பல பத்தாண்டுகளாக வைத்துக்கொண்டார்கள். கனடாவின் ஆய்வாளர் லோர்னா ரோத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பிலிம் மண்ணிறங்களைச் சரியாகக் காட்டுவதில்லை என்ற முறைப்பாடுகளில் கோடாக்கின் காதில் ஏறியவை மரத்தளபாடம் விற்பவர்களும் சொக்லேட் விற்பவர்களும் கொடுத்தவையே என்பது அவருடைய கண்டறிதல். கறுத்த மனிதர்கள் அதே குறையோடு அதுவரை வாழ்ந்தார்கள். பிறகு கோல்ட் வகைப் பிலிம்கள் வந்தபோது, மங்கிய ஒளியில் கறுப்புக் குதிரையையும் எடுக்கலாம் என்ற பாணியில் அதை விளம்பரப்படுத்தினார்கள். எங்கள் வீட்டு அல்பங்களில் முகங்கள் ஏன் சாம்பல் பூத்தும் கறுத்தும் கிடக்கின்றன என்று கேட்பவருக்குப் பதிலில் ஒரு பாதி இங்கே இருக்கிறது.

மறுபாதியை ஒரு நெகட்டிவைக் கையில் பிடித்துப் பார்த்தால் விளங்கும்.

சீனன்குடாவில் மாமி ஒருவரின் வீட்டில் அலுமாரியைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார்கள். சேலைகளுக்கு அடியில் ஒரு ஸ்டூடியோ உறை, அதற்குள் நாலு நாலு படமாக வெட்டிய நெகட்டிவ் துண்டுகள். “தம்பி, அல்பம்தான் இருக்கே, உதுகளை எறிஞ்சு போடட்டே?” என்று கேட்டார் மாமி. “ஐயோ, வேண்டாம் மாமி. அல்பத்தில இல்லாததும் இதுக்குள்ள இருக்கு” என்றேன். நம்பாமல் பார்த்தார். ஒரு துண்டை ஓரத்தில் பிடித்து யன்னலுக்கு நேரே தூக்கிக் காட்டினேன்.

முழுத் துண்டும் செம்மஞ்சள். மணமகளின் சிவப்புக் கூறை பச்சை கலந்த சாம்பலாகத் தெரிந்தது. வாழைமரத்தின் பச்சை கருஞ்சிவப்பாகியிருந்தது. தாலிக்கொடியின் பொன் நிறம் ஒரு கருநீலக் கோடு. மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டிதான் எல்லாவற்றையும்விட அடர்ந்து, கடும் கபிலமாக, கிட்டத்தட்ட ஒளிபுகாமல் நின்றது. அல்பத்தில் இதே படத்தை எடுத்துப் பார்த்தோம். அங்கே வேட்டி வெறும் வெள்ளைத்தாள். மடிப்பும் கரையும் இல்லை. அடுத்த படத்தில் பெண்கள் வெள்ளைச் சுவருக்கு முன் நிற்கிறார்கள். அதில் சுவர் சாம்பலாகி, முகங்கள் எல்லாம் கறுத்திருந்தன.

இரண்டு குறையும் ஒரே இயந்திரத்தின் ஒரே பழக்கத்தால் வந்தவை. அந்தக் காலத்து அச்சு இயந்திரம், படம் முழுவதையும் கலந்தால் நடுத்தரச் சாம்பல் வரவேண்டும் என்று வைத்துக்கொண்டு ஒளியளவைத் தீர்மானிக்கும். முதல் படத்தில் மண்டபத்தின் பின்புறம் இருட்டு, ஆகவே இயந்திரம் எல்லாவற்றையும் வெளுக்க வைத்தது. இரண்டாவதில் சுவர் வெள்ளை, ஆகவே எல்லாவற்றையும் கறுக்க வைத்தது. நெகட்டிவில் வேட்டியின் மடிப்பும் இருந்தது, பெண்களின் முகமும் இருந்தது. காகிதம் அதில் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டது. அல்பத்துப் படம் அந்த நாளில் அந்த இயந்திரம் சொன்ன ஒரு தீர்ப்பு. நெகட்டிவ் வழக்கின் முழு ஆவணமாக அலுமாரியில் கிடக்கிறது. ஸ்கான் செய்வது என்றால் அந்த ஆவணத்தை மறுபடி திறந்து வாசிப்பது. அல்பத்துப் படங்களை வரிசையாகப் போன் கமராவில் எடுத்துவிட்டு “எல்லாம் டிஜிட்டல் ஆக்கியாச்சு” என்று நெகட்டிவைக் குப்பையில் போடும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

சரி, அந்தச் செம்மஞ்சள் எதற்கு? பலர் அதைப் பிலிமின் அடித்தளத்துக்குப் பூசிய வண்ணம் என்று நினைக்கிறார்கள். உண்மை இதைவிட அழகானது. மஜெந்தாச் சாயம் பச்சை ஒளியை மட்டும் தடுக்கவேண்டும். ஆனால் உலகில் கிடைக்கும் எந்த மஜெந்தாவும் அவ்வளவு சுத்தமில்லை, கொஞ்சம் நீலத்தையும் சேர்த்து விழுங்கும். சயானும் அப்படித்தான், சிவப்போடு சேர்த்துப் பச்சையிலும் நீலத்திலும் கொஞ்சம் கைவைக்கும். இந்தக் களவைத் திருத்தாமல் அச்சிட்டால் நிறங்கள் சேறாகும். 1940களில் கோடாக் ஆய்வுகூடத்தில் வெஸ்லி ஹான்சன் இதற்கு ஒரு வழி கண்டார். மஜெந்தாவைப் பிறப்பிக்கும் சாய மூலத்துக்கே மஞ்சள் நிறம் கொடுத்தார். மஜெந்தா பிறந்த இடத்தில் அந்த மஞ்சள் அழியும். பிறக்காத இடத்தில் அப்படியே தங்கும். ஆக, பிறந்த இடத்தில் மஜெந்தாவின் களவு, பிறக்காத இடத்தில் மிஞ்சிய மஞ்சள். இரண்டும் நீல ஒளியை ஒரே அளவு தடுக்கும்படி செய்துவிட்டால், களவு படம் முழுவதும் சமமாகிவிடும். சமமாகப் பரவிய குறையை ஒரே வடிகட்டியால் நீக்கிவிடலாம். சயானுக்கு இதேபோல இளஞ்சிவப்பு மூலம். மஞ்சளும் இளஞ்சிவப்பும் சேர்ந்துதான் நாம் காணும் செம்மஞ்சள்.

அதாவது நெகட்டிவுக்குள் ஒரு மெல்லிய பொசிட்டிவும் ஒளிந்திருக்கிறது. ஒன்றின் பிழையை மற்றது அடைக்கிறது. இவ்வளவு நுட்பமான ஒரு கணக்கை வேதியியலிலேயே போட்டு, பெட்டிக்கடையில் விற்கும் விலைக்குக் கொண்டுவந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புத் தருகிறது. 2023 கடைசியில் வந்த ஹார்மன் பீனிக்ஸ் 200 பிலிமில் இந்தச் செம்மஞ்சள் முகமூடி இல்லை. அதன் நிறங்கள் முரட்டுத்தனமாக இருப்பதைப் பார்த்தால் ஹான்சனின் அருமை தெரியும்.

ஸ்கான் செய்பவருக்கு இந்தச் செம்மஞ்சள்தான் முதல் தடை. வெறும் அடித்தளத்தின் ஊடே வரும் ஒளியை அளந்தால், பல பிலிம்களில் சிவப்பு வருவதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் நீலம் வரும். கமராவின் சென்சருக்கு நீலம் பசியோடு போய்ச்சேர்கிறது. அதனால்தான் அவசரத்தில் எடுத்த ஸ்கான்களில் வானத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும். நெகட்டிவில் வானமும் வெள்ளையும்தான் நீலம் மிகக் குறைவாக ஊடுருவும் இடங்கள். மருந்து எளிது. ரோ கோப்பாக எடுங்கள், எந்த நிறமும் எல்லையை முட்டாத அளவுக்கு ஒளியை எவ்வளவு கூட்டமுடியுமோ அவ்வளவு கூட்டுங்கள்.

அடுத்த தவறு தலைகீழாக்குவதில் நடக்கிறது. கணினியில் “இன்வேர்ட்” பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு எண்ணையும் 255இலிருந்து கழித்துவிடும். வருவது நீலம் பூசிய, செத்த படம். நெகட்டிவ் கழித்தல் கணக்கில் எழுதப்படவில்லை, அது மடக்கைக் கணக்கில் எழுதப்பட்டது. வெளியே ஒளி இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் பிலிமின் அடர்த்தி ஏறத்தாழ 0.18 என்ற ஒரே அளவு படி ஏறும். காட்சியில் இருந்த வேறுபாட்டைப் பிலிம் ஏறத்தாழ 0.6 மடங்காகச் சுருக்கி வைத்திருக்கிறது. பழைய அச்சுக் காகிதம் அதை விரித்துக்கொடுக்கும்படி செய்யப்பட்டது. நாம் அந்தக் காகிதத்தின் வேலையைச் செய்யவேண்டும். இரண்டு படங்களுக்கு இடையில் உள்ள வெற்றுச் செம்மஞ்சளை அளந்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே அந்த அளவால் வகுக்கவேண்டும். பிறகு தலைகீழாக்கி, ஒவ்வொரு நிறத்தின் வளைவையும் தனியே விரிக்கவேண்டும். நெகட்டிவ் லாப் புரோ போன்ற மென்பொருள்கள் உள்ளே செய்வது ஏறக்குறைய இதைத்தான். அதற்காகவே ஸ்கான் செய்யும்போது படத்தின் ஓரத்தை வெட்டாதீர்கள். அந்த வெற்று ஓரம்தான் கணக்குக்குச் சாவி.

எதைக் கொண்டு ஸ்கான் செய்வது? தட்டை ஸ்கானரின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 6400 என்ற எண்ணை நம்பவேண்டாம். 35 மி.மீ. பிலிமில் அது உண்மையாகக் காண்பது அதைவிடப் பலமடங்கு குறைவு. கையளவு நடுத்தர அளவு நெகட்டிவுக்கு அது போதும். 24க்கு 36 மி.மீ. படத்தை அங்குலத்துக்கு 2400 புள்ளியில் எடுத்தால் சுமார் 77 இலட்சம் புள்ளிகள் வரும். அல்பத்து அளவுக்கும் அதைவிடப் பெரிய சட்டத்துக்கும் அது தாராளம். 4000இல் எடுத்தால் 2 கோடியே 14 இலட்சம். 400 வேகப் பிலிமில் அதற்கு மேல் போனால் மணியைத்தான் பெரிதாக்குவோம். பிலிமுக்கென்றே செய்த நிக்கோன் கூல்ஸ்கான்கள் இப்போது தயாரிப்பில் இல்லை. பிளஸ்டெக் போன்ற சிறியவை கிடைக்கின்றன. கையில் நல்ல டிஜிட்டல் கமராவும் மக்ரோ லென்சும் இருந்தால் அதுவே வேகமான வழி. அடியில் வைக்கும் வெள்ளை எல்.ஈ.டி. விளக்கின் நிறத்தரம் 95க்கு மேல் இருக்கவேண்டும். மலிவு விளக்கில் செந்நிறத்தின் ஒரு பகுதியே இருக்காது, கூறைச் சேலை அங்கே உயிரிழக்கும்.

கண்ணாடிக்கு இடையில் பிலிமை அமுக்கி வைக்காதீர்கள். எங்கள் கரையோர ஈரத்தில் பிலிம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, எண்ணெய் படிந்ததுபோல் வளைய வளையமாக நியூட்டன் வளையங்கள் விழும். ஓரத்தை மட்டும் பிடிக்கும் சட்டம் நல்லது.

முன்பு நினைவில் வைக்கச் சொன்னது இங்கே உதவும். சாயங்கள் அகச்சிவப்புக் கதிரை மறிப்பதில்லை. தூசியும் கீறலும் மறிக்கும். பிலிம் ஸ்கானர் நான்காவதாக அகச்சிவப்பில் ஒருமுறை பார்த்தால் படம் மறைந்து தூசி மட்டும் கறுப்பாகத் தெரியும். அந்த வரைபடத்தை வைத்துத் தூசியை அழித்துவிடும். டிஜிட்டல் ஐஸ் என்பது இதுதான். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் வெள்ளி இருப்பதால் அங்கே இது பலிக்காது. கமராவால் எடுப்பவருக்கும் இந்த வசதி இல்லை, ஊதியும் மென்தூரிகையும்தான் துணை.

சாயமாக இருப்பதில் ஒரு துன்பமும் உண்டு. வெள்ளி நூற்றாண்டு தாண்டும். சாயம் இருட்டில் வைத்தாலும் மெல்லச் சிதையும். வெப்பமும் ஈரமும் கூடக்கூட அந்தச் சிதைவு பன்மடங்கு விரைவாகும். திருகோணமலையின் ஆண்டுச் சராசரி வெப்பம் 28 பாகையை ஒட்டியது. குளிர்நாட்டு அலுமாரியில் இருக்கும் நெகட்டிவைவிட நம் நெகட்டிவுக்கு வயது வேகமாகப் போகிறது. மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை என்பதுதான் பெரிய சிக்கல். நிழல் ஒரு நிறத்துக்கும் வெளிச்சம் இன்னொரு நிறத்துக்கும் சாயும். ஒரு பொத்தானால் அதைச் சரிக்கட்ட முடியாது, மூன்று வளைவுகளையும் தனித்தனியே பிடித்து இழுக்கவேண்டும். இன்னும் கொஞ்சக் காலம் போனால் இழுப்பதற்கும் சாயம் இருக்காது.

ஐப்பசி தொடங்கி வாடைக்காற்றும் மழையும் வந்தால் பூஞ்சணத்தின் காலம். ஜெலற்றின் என்பது விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுத்த புரதம், பூஞ்சணத்துக்கு நல்ல உணவு. காற்றின் ஈரப்பதம் 65 வீதத்தைத் தாண்டினால் அது முளைக்கத் தொடங்கும். பூஞ்சணம் பிடித்த நெகட்டிவைத் தண்ணீரில் கழுவவே கூடாது. அது தின்ற ஜெலற்றின் தண்ணீரில் கரையும், படமும் அதோடு போய்விடும். உலரவைத்து, மென்தூரிகையால் தட்டி, அப்படியே ஸ்கான் செய்வதே வழி. பி.வி.சி. உறைகளைத் தூக்கி எறியுங்கள், அதிலிருந்து கசியும் பொருள் பிலிமில் ஒட்டும். பொலிபுரொப்பிலீன் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான டப்பாவில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் திறக்காமல் ஒரு மணி நேரமாவது விடவேண்டும். உடனே திறந்தால் எங்கள் காற்றின் ஈரம் முழுவதும் பிலிமின்மேல்தான் இறங்கும்.

வெள்ளத்தில் நனைந்தவை வேறு கதை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கிண்ணியாவிலும் மூதூரிலும் கரையோர வீடுகளின் அல்பங்கள் உப்பிலும் சேற்றிலும் போயின. காகிதப் படங்களை உலரவைக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்க முடியாமல் போவதுதான் வழக்கமாக நடப்பது. 2011இல் ஜப்பானில் சுனாமி வந்தபோது பியூஜிபிலிம் நிறுவனம் தன் ஊழியர்களையும் தொண்டர்களையும் கூட்டி, சேற்றிலிருந்து மீட்ட படங்களைக் கழுவித் திருப்பிக்கொடுக்கும் பெரும் பணியைச் செய்தது. அவர்கள் கைக்கொண்ட முறையின் சாரம் எவருக்கும் பயன்படும். நனைந்த படத்தையும் நெகட்டிவையும் உலரவிடாமல் சுத்தமான குளிர்ந்த நீரில் போட்டு, தேய்க்காமல் சேற்றை நீக்கி, தனித்தனியே தொங்கவிட்டு உலர்த்தவேண்டும். நாட்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் பாக்டீரியா ஜெலற்றினை உருக்கிவிடும். இந்த அறிவு 2004இல் எங்கள் கரைக்கு எட்டியிருக்கவேண்டும்.

எந்தத் துண்டிலிருந்து தொடங்குவது என்று மாமியும் கேட்டார். ஓரத்தில் பிலிமின் பெயரும் எண்ணும் அச்சாகியிருக்கும், அதைப் பார்த்து மிகப் பழையதை முதலில் எடுக்கச் சொன்னேன். அதிலும் அல்பத்தில் இல்லாத துண்டுகள் இருந்தால் அவைதான் முந்தவேண்டும். பலர் மூடிய கண்ணும் அசைந்த கையும் என்று அச்சிடாமல் விட்ட படங்களில்தான் பந்தலுக்குப் பின்னால் சமைத்துக்கொண்டிருந்தவர்கள் விழுந்திருப்பார்கள். ஸ்கான் செய்ததும் 16 பிட் டிஃப் கோப்பாக, எந்த நிறத் திருத்தமும் செய்யாமல் ஒரு பிரதியைச் சேமியுங்கள். திருத்தியதை வேறாக வையுங்கள். கடையில் கொடுத்துச் செய்வதென்றால், தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிட்டு எடுத்துத் தரும்படி கேளுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கணினியும் பழைய அச்சு இயந்திரம்போலவே வேட்டியை மறுபடி வெளுத்துவிடும். கோப்பின் பெயரில் துண்டின் எண், படத்தின் எண், யாருடைய கலியாணம் என்பதை எழுதுங்கள். படத்தில் நிற்பவர்களின் பெயரை மாமி இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கான் முடிந்த நெகட்டிவைப் புது உறையில் போட்டு, அதே எண்ணை உறையிலும் எழுதித் திருப்பி அலுமாரியில் வையுங்கள். சேலைக்கு அடியில் வேண்டாம், நடுத்தட்டில், பாச்சா உருண்டை இல்லாத இடத்தில்.